புதிதாக ஒரு மிதிபெடல் பிளேயர் பியானோ செய்ய இன்று எவ்வளவு ஆகும்? செய்வது சாத்தியம்தானா?

கராஜ்_தச்சன்:

நண்பர்களே, ஓட்டை போட்ட காகித ரோலை மாட்டிக் காலால் மிதித்தால் தானாகப் பாட்டு வாசிக்கிற பழைய பிளேயர் பியானோ பற்றி ஒரு கேள்வி. இந்தக் குழுவில் இசைக்கருவி பழுது பார்க்கிறவர்கள் சிலர் இருக்கிறீர்கள் என்பதால் இங்கே கேட்கிறேன்.

நான் ஒஹாயோவில் மெஷின் ஷாப்பில் வேலை செய்கிறேன். கராஜில் கணினி சொல்கிறபடி மரம் வெட்டும் சிஎன்சி ரௌட்டர், சின்ன லேசர் கட்டர், பேண்ட் சா எல்லாம் இருக்கிறது, மரவேலையும் ஓரளவு தெரியும். எனக்குப் பியானோ வாசிக்க வராது, மகள் வாசிக்கிறாள், அவளுக்காக வாங்கிய 48 அங்குல உயர அப்ரைட் (தந்திகள் நின்ற வாக்கில் இருக்கும் பியானோ) ஒன்று வீட்டில் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் வீட்டில் 1920களில் செய்த பிளேயர் பியானோவை மிதித்துப் பார்த்தேன். மின்சாரம் இல்லை, சிப் இல்லை, ஆனால் காலை அழுத்தி மிதித்தால் சத்தம் கூடுகிறது, மெதுவாக மிதித்தால் குறைகிறது, கையில் இருக்கிற நெம்புகோலால் வேகத்தை இழுத்துப் பிடிக்கலாம், அதாவது வாசிக்கத் தெரியாத நானே வாசிப்பது மாதிரி இருந்தது.

கேள்வி இதுதான். இதை ஏன் இன்று யாரும் புதிதாகச் செய்து விற்பதில்லை? நூறு வருடத்துக்கு முன்னால் மரம், தோல், துணி, பசை மட்டும் வைத்துச் செய்த பொருளை சிஎன்சி இருக்கிற காலத்தில் செய்வது இன்னும் மலிவாகத்தானே இருக்க வேண்டும்? என் அப்ரைட்டுக்குள்ளேயே பொருத்த முடியுமா? கையில் எட்டாயிரம் டாலர் வரை ஒதுக்கலாம், என் உழைப்புக்கு நான் கூலி கேட்கப் போவதில்லை.

மின்னணுவால் தானாக வாசிக்கும் டிஸ்க்ளேவியர் வாங்கு, ஸ்பிரியோ வாங்கு என்று தயவுசெய்து பதில் போட வேண்டாம். அவை நல்ல கருவிகள்தான், ஆனால் அவற்றில் எனக்கு வேலை இல்லை, உட்கார்ந்து கேட்க வேண்டியதுதான்.


ரோல்_பைத்தியம்:

தம்பி, நல்ல கேள்வி. நான் நியூ ஜெர்சியில் இந்த மாதிரிப் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கிற வேலையைத்தான் பல வருடமாகச் செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்பது எல்லோருக்கும் புரிய வேண்டும், இல்லையென்றால் விலை ஏன் ஏறுகிறது என்று புரியாது. நம் ஊர் ஆர்மோனியத்தில் துருத்தி காற்றை வெளியே தள்ளும். இதில் நேர் எதிர், காலால் மிதிக்கும் துருத்திகள் காற்றை உள்ளே இழுக்கும், அதாவது எல்லாமே சக்‌ஷன். ரோல் ஒரு பித்தளைப் பட்டையின் மேல் ஓடுகிறது, அதில் 88 ஓட்டைகள், அதற்கு ட்ராக்கர் பார் என்று பெயர். காகிதத்தின் ஓட்டை பட்டையின் ஓட்டைக்கு நேராக வந்ததும் வெளிக்காற்று ஒரு மெல்லிய குழாய் வழியாக உள்ளே போய் ஒரு தோல் சவ்வுக்கு அடியில் சேர்கிறது. சவ்வு எழும்பி ஒரு வால்வைத் தூக்குகிறது. வால்வு தூக்கியதும் ஒரு சின்னத் துருத்தி சக்‌ஷனோடு இணைந்து சட்டென்று சுருங்கி, பியானோவில் ஹேமரை அசைக்கும் ஆக்‌ஷனைத் தள்ளி, ஹேமர் தந்தியில் அடிக்கிறது. காகிதம் மூடியதும் சவ்வுக்கு அடியில் மாட்டிக்கொண்ட காற்று வெளியேற வழி வேண்டும், அதற்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு துளை இருக்கிறது. அந்தத் துளை சற்றுச் சிறிதாக இருந்தால் ஒரே நோட்டை வேகமாகத் திரும்ப அடிக்காது, சற்றுப் பெரிதாக இருந்தால் சவ்வு சரியாக எழும்பாது.

இப்போது இதை 88 தடவை செய். அங்கேதான் விலை.

ஒரு நோட்டுக்கு என்று எடுத்துக்கொண்டால் துருத்திக்கு இரண்டு பலகைத் துண்டு, கீல், சுற்றி ரப்பர் பூசிய மெல்லிய துணி, ஒரு தோல் சவ்வு, இரண்டு பக்கமும் தோல் ஒட்டிய வால்வு, அது உட்காரும் தட்டு, துளை, குழாய். வால்வு மேலும் கீழும் ஒரு மில்லிமீட்டர் அளவுதான் நகர வேண்டும், அதை ஒவ்வொன்றாக அளந்து சரி செய்ய வேண்டும். பலகையை உன் சிஎன்சி ஒரே நாளில் வெட்டித் தள்ளிவிடும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் துணியைச் சுற்றி ஒட்டி ஓரம் வெட்டுவதும், சவ்வைச் சரியான குழிவோடு ஒட்டுவதும், வால்வுக்கு இடைவெளி வைப்பதும் இன்றைக்கும் கைவேலைதான். முதல் தடவை செய்கிறவருக்கு ஒரு நோட்டுக்கு இரண்டு மணி நேரம் என்று குறைவாகவே வைத்தாலும் 176 மணி நேரம். இதுவரை பாட்டு வாசிக்கிற அடுக்கு மட்டும்தான். மிதிக்கிற துருத்திகள், காற்றைச் சமப்படுத்தும் சேமிப்புத் துருத்தி, ரோலைச் சுற்றும் காற்று மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர், ரோலை மாட்டும் ஸ்பூல் பெட்டி, காகிதம் பக்கவாட்டில் விலகாமல் பிடிக்கும் அமைப்பு, பெடல்கள், நெம்புகோல்கள் என்று இன்னொரு மலை இருக்கிறது, அதற்கு முந்நூறு நானூறு மணி நேரம் தாராளமாக ஆகும். இவை என் பட்டறை அனுபவத்தில் சொல்கிற உத்தேசம், எழுதி வைத்த சட்டம் இல்லை.

ஆக ஐந்நூறு அறுநூறு மணி நேரம். மணிக்கு ஐம்பது டாலர் கூலி போட்டால் இருபத்தைந்து முப்பதாயிரம். பொருள் செலவு மூவாயிரத்துக்குள் அடங்கும். அதோடு ஒரு நல்ல பியானோ, கடைக்காரர் லாபம், உத்தரவாதம். ஐம்பதாயிரம் டாலருக்குக் குறைத்து யாராலும் விற்க முடியாது. அந்த விலையில் வாங்குகிறவர் உலகம் முழுக்கத் தேடினாலும் கொஞ்சம் பேர்தான் தேறுவார்கள், அவர்களிலும் பாதிப் பேருக்கு 1920களின் அசல் கருவிதான் வேண்டியிருக்கும்.

உன் அப்ரைட்டுக்குள் பொருத்தும் யோசனையை மட்டும் இப்போதே விட்டுவிடு. பழைய பிளேயர் பியானோக்களைப் பார்த்திருப்பாய், உயரமாக, ஆழமாக, ஒரு பீரோ மாதிரி இருக்கும். உள்ளே அடுக்கு வைக்க இடம் வேண்டும் என்பதற்காகவே பெட்டியை அப்படிச் செய்தார்கள். இன்றைய 48 அங்குலப் பெட்டியில் ஆக்‌ஷனுக்கும் முன்பலகைக்கும் நடுவில் கை நுழைகிற இடம்தான் இருக்கும்.


கணக்கு_முக்கியம்:

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 1920களில் மலிவாகச் செய்ய முடிந்ததற்குக் காரணம் ஆட்கூலி குறைவு என்பது மட்டும் இல்லை. அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் செய்த பியானோக்களில் பாதிக்கு மேல் பிளேயர்கள். நியூயார்க்கில் ஸ்டாண்டர்ட் நியூமேடிக் ஆக்‌ஷன் கம்பெனி மாதிரி, உள்ளே போகிற அடுக்கை மட்டும் செய்து பல பியானோ கம்பெனிகளுக்கு விற்கிறவர்களே இருந்தார்கள். வால்வு ஒருவர், தோல் ஒருவர், ட்ராக்கர் பார் ஒருவர் என்று ஒரு சந்தையே இருந்தது. 1908இல் பஃபலோ நகரத்தில் கம்பெனிக்காரர்கள் கூடி, 88 நோட்டு, 11¼ அங்குல அகலக் காகிதம், அங்குலத்துக்கு 9 ஓட்டை என்று ஒத்துக்கொண்டதால் எந்தக் கம்பெனி ரோலும் எந்தக் கம்பெனி பியானோவிலும் ஓடியது.

அப்புறம் ரேடியோ வந்தது, 1925இல் இருந்து மைக் வைத்துப் பதிவு செய்த கிராமபோன் தட்டு வந்தது, 1929இல் பங்குச் சந்தை விழுந்தது. 1932இல் போட்டியாளர்களாக இருந்த பிளேயர் பியானோ கம்பெனிகளான ஏயோலியனும் அமெரிக்கன் பியானோ கம்பெனியும் உயிர் பிழைப்பதற்காக ஒன்று சேர்ந்தார்கள். உதிரிபாகம் செய்கிறவர்களின் அந்தச் சங்கிலி போய்விட்டது. இன்று ஒருவர் தொழிலாக ஆரம்பித்தால் பியானோ மட்டும் இல்லை, அந்தச் சங்கிலியையே தனியாகச் செய்ய வேண்டும். 1950களின் கடைசியில் ஏயோலியன் மறுபடி சின்ன அளவு பிளேயர் பியானோக்கள் செய்தது, கொஞ்ச காலம் விற்கவும் விற்றது. 1985இல் அந்தக் கம்பெனியும் மூடிவிட்டது.

எனவே என் யோசனை: பழையது ஒன்று வாங்கிப் புதுப்பியுங்கள். கிரெய்க்ஸ்லிஸ்ட் விளம்பரத் தளத்தைப் பாருங்கள், "எடுத்துக்கொண்டு போனால் போதும்" என்று இலவசமாகவே போட்டிருப்பார்கள். எட்டாயிரத்தில் பாதி மிச்சம்.


கராஜ்_தச்சன்:

இருவருக்கும் நன்றி. ஐம்பதாயிரம் என்று பார்த்ததும் கொஞ்சம் தலை சுற்றியது, ஆனால் அதில் பெரும்பகுதி கூலி என்பதால் எனக்கு அந்தக் கணக்கு பொருந்தாது, பொருள் செலவு மூவாயிரத்துக்குள் என்றால் நான் உள்ளேதான் இருக்கிறேன்.

பழையது வாங்குவதில் எனக்கு ஒரு தயக்கம். இலவசமாகக் கிடைக்கிற பியானோக்களின் பின் பிளாக் (தந்திகளை முறுக்கும் ஆணிகளைப் பிடிக்கிற மரம்) வெடித்திருக்கிறது, சுருதி நிற்பதில்லை என்று கேள்விப்படுகிறேன். நல்ல பியானோ ஏற்கனவே வீட்டில் இருக்கும்போது இன்னொரு மட்டமான பியானோவைக் காப்பாற்ற உழைப்பதா? இன்னொன்று, வால்வு, தட்டு எல்லாவற்றையும் முப்பரிமாண அச்சில் எடுத்தால் கைவேலை குறையாதா?


லைப்சிக்_வாசி:

பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்று யார் சொன்னது? பியானோலா என்ற பெயரில் முதலில் வந்த கருவி பியானோவுக்குள்ளே இல்லை.

டெட்ராய்ட்டில் எட்வின் வோட்டி 1895இல் செய்தது ஒரு தனி அலமாரி. பியானோவுக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போய் வைத்தால், அதன் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கிற ஃபெல்ட் ஒட்டிய மர விரல்கள் கட்டைகளின் மேல் உட்காரும். எந்தப் பியானோவுக்கும் பொருந்தும், பியானோவில் ஒரு ஆணி கூட அடிக்க வேண்டாம், மகளுக்கு வாசிக்க வேண்டும் என்றால் அலமாரியைத் தள்ளி ஓரமாக வைத்துவிடலாம். ஏயோலியன் அதை 250 டாலருக்கு விற்றது, இன்றைய மதிப்பில் எட்டு ஒன்பதாயிரம் டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆலைகள் முழு மூச்சில் ஓடிய காலத்திலும் இது மலிவான பொருளாக இருந்ததில்லை. இங்கே லைப்சிக்கில் ஹுப்ஃபெல்ட் கம்பெனி ஃபோனோலா என்ற பெயரில் இதே வகையைச் செய்தது. ஃப்ரைபுர்க்கில் வெல்ட்டே கம்பெனி கலைஞர்களின் வாசிப்பைப் பதிவு செய்த ரோல்களுக்கு என்றே ஒரு முன்வைப்பு அலமாரி செய்தது. இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் இசைக்கருவி அருங்காட்சியகத்தில் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவற்றைப் பார்க்கலாம்.

உங்கள் நிலைமைக்கு இதுதான் சரி என்பது என் கருத்து. காரணங்கள் சொல்கிறேன்.

இடம் ஒரு தொல்லையே இல்லை. பெட்டிக்குள் வைக்கும்போது ஒரு நோட்டுக்கு 14 மில்லிமீட்டருக்கும் குறைவான அகலம்தான் கிடைக்கும், அதனால் துருத்திகளை மூன்று அடுக்காக அடுக்கினார்கள். தனி அலமாரியிலும் அடுக்கத்தான் வேண்டும், ஆனால் உயரம், ஆழம் உங்கள் விருப்பம், ஸ்க்ரூவைக் கழற்றி ஒவ்வொரு வால்வாக வெளியே எடுக்கிற மாதிரி வைக்கலாம். பழைய கருவிகளில் சில பகுதிகளை ஒட்டியே மூடிவிட்டதால் பழுது பார்க்கிறவர்கள் படும் பாடு ரோல்_பைத்தியம் ஐயாவுக்குத் தெரியும்.

விசை போதுமா என்று சந்தேகம் வரும். கணக்கு போடலாம். சக்‌ஷனை இத்தனை அங்குலத் தண்ணீர் என்று அளப்பது வழக்கம். நன்றாக மிதித்தால் 20 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 5 கிலோபாஸ்கல் என்று வைப்போம். துருத்தி 32 மில்லிமீட்டர் அகலம், 115 நீளம் என்றால் பலகை மேல் விழுகிற விசை 18 நியூட்டன். ஒரு பக்கம் கீல் என்பதால் நகரும் முனையில் பாதி, 9 நியூட்டன், சுமார் 900 கிராம் எடை. கட்டையை மெதுவாக இறக்க 50 கிராம் போதும். ஆக பலமான அடிக்குத் தாராளம். மெதுவாக மிதித்து 6 அங்குலம் ஆனால் 270 கிராம் அளவு, அதுவும் போதும். நீங்கள் ரசித்த அந்தச் சத்தம் கூடிக் குறைகிற வித்தை இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

தொல்லை இருக்கிற இடம் விரல்கள். வெள்ளைக் கட்டைகளின் முன்முனைகள் 23.5 மில்லிமீட்டர் இடைவெளியில் வரும், கறுப்புக் கட்டைகள் உள்ளே தள்ளி, மேலே தூக்கி, சீரில்லாத இடைவெளியில் வரும். எனவே இரண்டு நீளத்தில் விரல்கள் வேண்டும், உங்கள் பியானோவை அளந்துதான் வெட்ட வேண்டும். இதற்கு சிஎன்சி கைகொடுக்கும். பியானோவின் வலது பெடலை மிதிக்க ஒரு தனி நெம்புகோல் மறக்க வேண்டாம்.

இன்னொன்று, 88 நோட்டும் செய்ய வேண்டுமா? ஹுப்ஃபெல்ட் 73 நோட்டோடு நிறுத்தியது, முதல் பியானோலா 65 நோட்டு. ட்ராக்கர் பாரில் 88 ஓட்டை வைத்துவிட்டு, இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் நோட்டுகளை இப்போதைக்கு அடைத்து வைத்தால் சாதாரண நடனப் பாட்டு ரோல்களில் பெரிதாக எதுவும் காணாமல் போகாது. ஃப்ரான்ஸ் லிஸ்ட் என்ற இசையமைப்பாளரின் ரோல் போட்டால் தெரியும்.

தொழிலாகச் செய்வதற்கும் நோட்டு எண்ணிக்கைதான் எல்லை என்று நினைக்கிறேன். ஜெர்மனியில் காகித ரோல் போட்டுக் கையால் சுற்றுகிற தெரு ஆர்கன்களை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள், பொடன்சே ஏரிக்கரையில் யூபர்லிங்கன் ஊரில் ராஃபின் என்ற பட்டறை நன்கு தெரிந்த பெயர். ஆனால் அவர்கள் செய்வது 20 நோட்டு, 31 நோட்டு. 20க்கும் 88க்கும் உள்ள வித்தியாசம்தான் ஒன்று விற்பதற்கும் மற்றொன்று விற்காததற்கும் காரணம்.


ரோல்_பைத்தியம்:

அலமாரி யோசனை நன்றாக இருக்கிறது, எனக்கே ஆசை வருகிறது. அச்சு இயந்திரத்தில் எடுக்கிற வால்வு பற்றிச் சொல்கிறேன்.

செய்யலாம், செய்திருக்கிறார்கள். ஆனால் அடுக்கடுக்காக உருகி ஊற்றுகிற பிளாஸ்டிக் காற்றை முழுவதும் தடுக்காது, கண்ணுக்குத் தெரியாமல் கசியும். ஒரு வால்வில் கொஞ்சமாகக் கசிந்தால் ஒன்றும் தெரியாது, 88லும் கசிந்தால் உன் கால் தாங்காது. பலர் இந்த இடத்தில் ஒரு வேக்குவம் மோட்டாரைப் பொருத்திவிட்டு ஓடுகிறதே என்று திருப்திப்படுவார்கள். மோட்டார் கசிவை மறைத்துவிடும். மிதித்து வாசிக்க வேண்டும் என்றால் கசிவை ஒவ்வொரு பகுதியிலும் துரத்தித்தான் ஆக வேண்டும். அச்சில் எடுத்தாலும், மரத்தில் குடைந்தாலும் உள்வழிகளில் ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்) ஊற்றி வழித்துவிடு. பழைய ஆட்களும் மரத்துக்கு அதைத்தான் செய்தார்கள்.

பிளாஸ்டிக் தட்டு சரி, ஆனால் அதன் மேல் உட்காரும் பரப்பு தோல்தான். தோலுக்குப் பதில் ரப்பர், ஃபோம் என்று போனவர்கள் சில வருடத்தில் ஒட்டிப் பிடித்துக்கொண்ட வால்வோடு வந்து நிற்கிறார்கள்.

பசை விஷயத்திலும் ஒரு பிடிவாதம் எனக்கு உண்டு. துருத்தித் துணியின் ரப்பர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சில பத்தாண்டுகளில் காய்ந்து வெடிக்கும், அப்போது யாரோ ஒருவர் பிரித்து ஒட்ட வேண்டும். நம் ஊர்த் தச்சர்கள் சொல்கிற வச்சிரப் பசைதான் நல்லது, சூடும் ஈரமும் கொடுத்தால் மரம் பிய்யாமல் விட்டுவிடும். வெள்ளைப் பசையால் ஒட்டிய பழைய கருவிகள் பட்டறைக்கு வரும்போது பலகையையே புதிதாக வெட்ட வேண்டியதாகிறது, அந்தக் கூலியையும் வாடிக்கையாளர்தான் கொடுக்கிறார்.


பழைய_பாட்டு:

ரோல் பற்றி யாரும் பேசவில்லையே. கருவி செய்துவிட்டு எதை ஓட்டுவார்?

க்யூஆர்எஸ் கம்பெனி 1900இல் இருந்து ரோல் வெட்டுகிறது. 2008 கடைசியில் நிறுத்திவிட்டதாகச் செய்தி வந்தது, பிறகு மறுபடி வெட்ட ஆரம்பித்தார்கள். பழைய ரோல்கள் பெட்டி பெட்டியாக வீட்டுப் பழம்பொருள் விற்பனைகளில் சில டாலருக்குக் கிடைக்கின்றன, ஓரம் கிழிந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக நூலகம் 2014இல் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட ரோல்கள் கொண்ட ஒரு சேகரிப்பை வாங்கி, ஸ்கேன் செய்து இணையத்தில் கேட்க வைத்திருக்கிறது. ரோல் வாங்கும் முன் இந்த மாதிரி இடத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

ரோலின் முனையில் டெம்போ 70 என்று இருந்தால் நிமிடத்துக்கு 7 அடி காகிதம் ஓட வேண்டும் என்று அர்த்தம், 80 என்றால் 8 அடி. உங்கள் காற்று மோட்டாரைச் சரி செய்ய இதை விட எளிய அளவு கிடையாது, தரையில் டேப்பும் கையில் கடிகாரமும் போதும்.

புதிதாகப் பாட்டு வெட்ட நினைத்தால், வீட்டு உபயோகத்துக்கு யாரும் கேட்கப் போவதில்லை, ஆனால் விற்பதாக இருந்தால் உரிமை இருக்கிற பாட்டுக்கு ராயல்டி கட்ட வேண்டும். 1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரோல் என்பது இசைத்தாளின் நகல் ஆகாது என்று தீர்ப்பு சொன்னது, பாட்டு எழுதியவர்கள் கொதித்துப் போனார்கள், மறு வருடமே சட்டம் மாறி ஒரு பிரதிக்கு 2 சென்ட் என்று விகிதம் வந்தது. அந்தக் காலத்துப் பாட்டுகள் பெரும்பாலும் இப்போது பொதுச்சொத்து, கவலை இல்லை.


கணக்கு_முக்கியம்:

மின்னணு வேண்டாம் என்றார் என்பது தெரியும், ஆனாலும் சொல்லி வைக்கிறேன். ட்ராக்கர் பார் குழாய்களில் மின்சாரத்தில் திறந்து மூடும் சின்னச் சோலனாய்டு வால்வுகளை இணைத்து, நோட்டுகளைக் குறித்து வைக்கும் மிடி கணினிக் கோப்பில் இருந்து ஓட்டுகிற அமைப்புகள் உண்டு. மிதிப்பதும் சத்தத்தைக் கட்டுப்படுத்துவதும் அப்போதும் உங்கள் கால்தான், காகிதம் மட்டும் இல்லை. ஸ்பூல் பெட்டி, காற்று மோட்டார், காகித வழிகாட்டி எல்லாம் மிச்சம், அதாவது செய்ய வேண்டியதில் கணிசமான பங்கு குறையும்.

அலமாரி யோசனைக்கு என் ஓட்டும் உண்டு. ஆனால் தயவுசெய்து "நன்றாக வந்தால் பத்து செய்து விற்பேன்" என்று இறங்க வேண்டாம். பத்து செய்தால் ஒன்றுக்கு ஆகும் நேரம் பாதியாகலாம், அப்போதும் கூலி மட்டும் பதினைந்தாயிரம் டாலர் பக்கம் நிற்கும். அந்தப் பணத்தைக் கொடுத்து வாங்குகிறவர் அடுத்த மழைக்காலத்தில் காகிதம் ஈரத்தில் விரிந்து நோட்டு மாறி அடித்தால் முதல் போன் உங்களுக்குத்தான் போடுவார்.


கராஜ்_தச்சன்:

விற்கிற எண்ணம் இல்லை ஐயா, மனைவி இந்தப் பதிவைப் படித்துவிட்டு அதை எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்.

சோலனாய்டு யோசனைக்கு நன்றி, ஆனால் காகிதம் ஓடுவதைப் பார்ப்பதில்தான் எனக்குப் பாதி சந்தோஷம். முடிவு இதுதான்: தனி அலமாரி, மிதிபெடல், 88 ஓட்டை ட்ராக்கர் பார், முதலில் நடு ஆக்டேவ் 12 நோட்டு மட்டும். அது கசியாமல் ஓடினால் அதே பலகையைத் திரும்பத் திரும்ப வெட்டி 73 வரை போவேன். பிர்ச் பிளைவுட் துருத்திப் பலகைக்குச் சரிப்படுமா? ட்ராக்கர் பாரை ஷாப்பில் பித்தளையில் நானே மில் செய்துகொள்கிறேன்.


ரோல்_பைத்தியம்:

12 நோட்டில் ஆரம்பிப்பது சரியான வழி. முதல் துருத்தி காய்ந்ததும் கையால் மூடிப் பிடித்து, துவாரத்தைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு திறக்கப் பார். இழுத்துக்கொண்டு அப்படியே நிற்க வேண்டும். மெல்லத் திறந்துகொண்டால் ஒட்டியதில் எங்கோ கசிவு, அதோடு அடுத்ததற்குப் போகாதே. பிர்ச் பிளைவுட் சின்னப் பலகைக்குப் போதும், ஆனால் வெட்டிய ஓரத்தில் அடுக்குகளுக்கு நடுவே காற்று போகும், ஓரங்களையும் ஷெல்லாக்கால் அடை. வால்வு உட்காரும் பெரிய பலகைக்கு நல்ல மேப்பிள் போடு.

ட்ராக்கர் பாரை மில் செய்யாதே. அங்குலத்துக்கு 9 ஓட்டை, பின்னால் 88 குழாய் மூக்கு, உன் ஷாப்பில் முடியும்தான், ஆனால் எதற்கு? கணக்கு_முக்கியம் சொன்ன அந்த இலவச பியானோ ஒன்றைத் தேடிப் பிடி. பின் பிளாக் வெடித்ததா, தந்தி துருப்பிடித்ததா என்று கவலைப்படாதே, உனக்கு வேண்டியது அதன் ஸ்பூல் பெட்டி, ட்ராக்கர் பார், காற்று மோட்டார், மிதிபெடல்கள். இவற்றில் தோலும் துணியும் மாற்றினால் போதும், நீ புதிதாகச் செய்ய வேண்டிய வேலையில் சரிபாதி குறையும். உள்ளே ஈயக் குழாய் இருந்து அதில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் கையுறை, முகமூடி போட்டுக் கழற்று, குழந்தை இருக்கிற வீடு. முழு பியானோவையும் கராஜுக்கு இழுத்து வராதே, முந்நூற்றைம்பது கிலோவுக்கு மேல் இருக்கும், இறக்கினால் திரும்ப எடுத்துப் போக ஆள் கிடைக்காது. கொடுக்கிறவர் ஒத்துக்கொண்டால் அங்கேயே முன்பலகையைக் கழற்றி, மேல் அடுக்கையும் கீழ்ப்பெட்டியையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டு வா. ஸ்க்ரூ எல்லாம் பழைய ஒற்றைக் கோடு வகை, அகலமான திருப்புளி கொண்டு போ.